சட்டம் படிக்கும் முன் வக்கீலோடு ஒரு வாரம்: மும்பைப் பிள்ளைகளுக்கு

சட்டம் படிக்கலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. "ஒரு வாரம் கோர்ட்டுக்கு வா, அப்புறம் பேசலாம்" என்பேன். ஐந்து வருஷம் படிப்பு, அதற்குப் பிறகு ஜூனியராகச் சில வருஷம். இவ்வளவு காலத்தைக் கொடுக்கப்போகிற வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்காமலேயே கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பல வீடுகளில் அது நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் வளர்ந்தவள்; எங்கள் குடும்பத்தில் முதல் வக்கீல். குர்லாவிலும் ஃபோர்ட்டிலும் செக் கேஸ் (பணமில்லாமல் செக் திரும்பிய வழக்கு), வாடகை வழக்கு, ஜாமீன் மனு என்று என் பிராக்டிஸ் ஓடுகிறது. மாமாவோ சித்தப்பாவோ கறுப்புக் கோட்டு போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் சாப்பிடும் நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். மற்றவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்கத் தயங்கி நிற்கிற பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன்.

யாரையும் கேட்க வேண்டாத முதல் படி

வக்கீலைத் தேடும் முன் நீங்களே போய் ஒரு கோர்ட்டில் உட்காருங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. கிரிமினல் வழக்கு நடக்கும் இடம் பொதுமக்கள் வரக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன் இருந்த பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் அது 327. சிவில் வழக்குக்கும் சிவில் நடைமுறைச் சட்டமான சி.பி.சி.யில் 153பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாசலில் யாராவது "எதற்கு வந்தாய்" என்று கேட்டால், "சட்டம் படிக்கப்போகிறேன், விசாரணை பார்க்க வந்தேன்" என்று சொல்லுங்கள். பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் கையில் இருக்கட்டும்.

விலக்குகளும் உண்டு. பாலியல் வன்முறை வழக்கு, குழந்தைகள் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்கு இவற்றை மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள். குடும்ப நீதிமன்றத்தில் கணவனோ மனைவியோ ஒருவர் கேட்டாலே போதும், வெளியாட்கள் இருக்க முடியாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது நீதிபதி 'இன்-கேமரா', அதாவது மூடிய அறை விசாரணை, என்றால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அங்கே நிற்பவர்களின் வேதனை வேடிக்கை பார்ப்பதற்கு உரியதில்லை.

எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பலரும் நேராக ஹைகோர்ட்டுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். 1878இல் கட்டி முடித்த கட்டடம், கருங்கல் படிகள், 1908இல் திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை கொடுத்த அறை, அங்கே அவர் சொன்னதைப் பொறித்து வைத்த கல்வெட்டு. பார்க்க வேண்டிய இடம்தான். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன். ஆனால் தொடக்கத்துக்கு அது சரிப்படாது. அங்கே வக்கீலும் நீதிபதியும் பேப்பர்களை முன்னமே படித்துவிட்டு வந்து, "பக்கம் 42, பத்தி 6" என்று பேசி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். புதிதாக வந்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போங்கள். சாட்சி கூண்டில் ஏறுவது, போலீஸ்காரர் பதில் சொல்ல முடியாமல் திணறுவது, கைதியின் அம்மா வராந்தாவில் டிபன் டப்பாவோடு காத்திருப்பது எல்லாம் அங்கேதான். குர்லா, பாந்த்ரா, அந்தேரி, போரிவலி, விக்ரோலி, முலுண்ட் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஃபோர்ட் பக்கம் வர வசதியிருந்தால் எஸ்பிளனேட் கோர்ட். ஊரில் கில்லா கோர்ட் என்றால்தான் தெரியும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன், சயான் மாதுங்காவிலிருந்து சென்ட்ரல் லைன், இரண்டுமே சி.எஸ்.எம்.டி.யில் கொண்டுவந்து விடும், அங்கிருந்து நடை. வாடகை வழக்குகள் பார்க்க ஆசை என்றால் தோபி தலாவில் ஸ்மால் காஸஸ் கோர்ட் இருக்கிறது. மும்பையில் வீட்டுக்கும் கடைக்கும் மனிதர்கள் எப்படிப் போராடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

காலை பத்தரைக்கே போய்விடுங்கள். அறைக்கு வெளியே அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருக்கும். நாங்கள் அதை போர்டு என்போம். இ-கோர்ட்ஸ் ஆப்பிலும் அது கிடைக்கும். வெள்ளை அல்லது வெளிர் நிறச் சட்டை, கறுப்புப் பேன்ட், பெண்கள் வெளிர் நிற சல்வார் போதும். கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் வேண்டாம்; அது சன்னத், அதாவது வக்கீலாகப் பதிவு செய்த சான்று, வாங்கியவரின் உடுப்பு. உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் நீதிபதியின் இருக்கையைப் பார்த்து லேசாகத் தலை வணங்க வேண்டும். முன் வரிசை நாற்காலிகள் வக்கீல்களுக்கு. பின் பெஞ்சு உங்களுக்கு. போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். கோர்ட்டுக்குள் படம் எடுத்தாலோ பேச்சைப் பதிவு செய்தாலோ போன் பறிபோவதோடு நிற்காது.

காலையில் பெரும்பாலும் வாய்தாதான். ஒரு கேஸ் கூப்பிடுவார்கள், ஒரு நிமிஷம், அடுத்த தேதி. இன்னொரு கேஸ், அடுத்த தேதி. இதைப் பார்த்துச் சலித்துப்போய் முதல் நாளே கிளம்பிவிடுகிற பிள்ளைகள் உண்டு. கிளம்ப வேண்டாம். ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள்: வழக்கு இன்று எதற்காக இருந்தது, ஏன் நடக்கவில்லை. சாட்சி வரவில்லை, சம்மன் சேரவில்லை, கைதியை ஜெயிலிலிருந்து கூட்டிவரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், நீதிபதி விடுப்பு. அந்த இரண்டாவது கட்டம் நிரம்ப நிரம்ப, ஒரு வக்கீலின் நாள் எதில் கரைகிறது என்று தெரிந்துவிடும். மதியத்துக்கு மேல் சாட்சி விசாரணை கொஞ்சம் நிதானமாக நடக்கும்; அதற்காகக் காத்திருங்கள்.

இப்படி உட்கார்ந்திருக்கும்போதே வக்கீல்களையும் கவனியுங்கள். யார் ஃபைலில் அடையாளச் சீட்டு வைத்துத் தயாராக வந்திருக்கிறார்? நீதிபதி கேட்டதும் யார் தேதியைத் தடுமாறாமல் சொல்கிறார்? முக்கியமாக, கேஸ் முடிந்ததும் வராந்தாவில் தன் கட்சிக்காரரை நிறுத்தி, உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்கிறவர் யார்? அவர்கூடத்தான் நீங்கள் ஒரு வாரம் இருக்க வேண்டும். பேர் பெற்றவர், பெரிய கார் வைத்திருப்பவர் என்று பார்த்துத் தேடாதீர்கள்.

எப்படிக் கேட்பது

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. அதனால் கூகுளில் முதலில் வருகிறவர் நல்ல வக்கீல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோர்ட்டில் நீங்களே பார்த்துத் தேர்ந்தவர்தான் முதல் வழி. அடுத்தது நம் சனங்கள். உங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு ஒரு வக்கீல் இருப்பார். அப்பா வேலை பார்க்கும் கம்பெனிக்கு இருப்பார். வீட்டு லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் பதிந்து கொடுத்தவரைக் கேட்டால் ஒருவரைக் காட்டுவார். சயானில் இருக்கும் பம்பாய்த் தமிழ்ச் சங்கத்துக்கோ மாதுங்காக் கோயில்களுக்கோ வந்து போகிற பெரியவர்களில் வக்கீல்கள் எப்போதும் உண்டு. அப்பாவையோ பெரியம்மாவையோ ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்கள். சிபாரிசு அறிமுகத்தோடு நிற்கட்டும். கேட்க வேண்டியது நீங்கள்தான்.

கேஸ் கூப்பிடும் முன் போய் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் என் தாயே வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது. வழக்கு முடிந்து வெளியே வரும்போது, "மேடம், ரெண்டு நிமிஷம்" என்று நிறுத்தி, பேரைச் சொல்லி, "உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பலாமா?" என்று மட்டும் கேளுங்கள். நம்பரை அவரோ அவருடைய குமாஸ்தாவோ கொடுப்பார். அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். வக்கீல் தமிழர் இல்லையென்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் மேடம். இன்று குர்லா கோர்ட்டில் உங்களிடம் பேசிய மாணவி நான். செம்பூரில் இருக்கிறேன், பன்னிரண்டாவது பரீட்சை எழுதியிருக்கிறேன். சட்டம் படிக்கலாமா என்று முடிவு செய்யும் முன் வேலையை நேரில் பார்க்க விரும்புகிறேன். இன்று செக் வழக்கில் நீங்கள் பேங்க் மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்ததைப் பின் பெஞ்சிலிருந்து பார்த்தேன். வருகிற திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் உங்களோடு கோர்ட்டுக்கு வரலாமா? சம்பளமோ சர்டிஃபிகேட்டோ வேண்டாம். ஃபைல் எடுத்து வருவது, ஜெராக்ஸ் எடுப்பது போன்ற வேலை எது சொன்னாலும் செய்கிறேன். கேட்டது எதையும் வெளியில் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவர் நம்பர் கீழே."

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்கிறது. ஐந்து நாள் என்று முடிவு தெரிந்தால்தான் வக்கீல் சம்மதிப்பார். "கொஞ்ச நாள்" என்றால் பயப்படுவார். அவர் செய்த விசாரணையைச் சொன்னால், ஊரில் இருக்கிற எல்லா வக்கீலுக்கும் ஒரே மெசேஜை அனுப்புகிற பிள்ளை இல்லை என்று தெரியும். இன்டர்ன்ஷிப் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது சட்டக் கல்லூரி மாணவர்களுக்கானது. பார் கவுன்சிலின் 2008 விதிப்படி மூன்று வருஷப் படிப்பில் 12 வாரமும் ஐந்து வருஷப் படிப்பில் 20 வாரமும் அவர்கள் செய்தாக வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் வக்கீல் கல்லூரிக் கடிதம் கேட்பார், உங்களிடம் இருக்காது, பேச்சு அதோடு முடிந்துவிடும். வேலையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் அடுத்தவரிடம் போங்கள், மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாமல். நரிமன் பாயின்ட், லோயர் பரேல் பெரிய நிறுவனங்களுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே கல்லூரியில் மேல் வருஷங்களில் இருக்கிற மாணவர்களே வரிசையில் நிற்கிறார்கள். கூட இருந்து பார்க்கப் பணம் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், சர்டிஃபிகேட்டுக்கு இவ்வளவு என்று சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இந்த வேலையைப் பார்ப்பதற்குக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் நீங்களும் சேம்பருக்கு, அதாவது வக்கீலின் அலுவலகத்துக்கு, வந்து அவரைப் பாருங்கள். நல்ல வக்கீல் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நானாக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பேன். ஜூனியர்களும் குமாஸ்தாவும் வந்து போகிற சேம்பராக இருக்கட்டும். இருட்டும் முன் பிள்ளை கிளம்பிவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் கூட்டிப்போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எப்போது

ஏப்ரல்தான் சரியான மாதம். பலரும் சி.இ.டி. நுழைவுத் தேர்வெல்லாம் எழுதி முடித்துவிட்டு மே நடுவில் போன் செய்கிறார்கள். அப்போது கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை; ஜூன் முதல் வாரம் வரை பெரும்பாலும் அவசர வழக்குகள்தான் ஓடும். தீபாவளிக்கும் அப்படித்தான். ஹைகோர்ட் வெப்சைட்டில் அந்த வருஷத்து விடுமுறைக் காலண்டர் இருக்கும், பார்த்துவிட்டுத் தேதி கேளுங்கள். ஜூன் இரண்டாம் வாரமும் நல்ல நேரம், குடை மட்டும் மறக்காதீர்கள்.

அந்த ஒரு வாரம்

முதல் நாள் குமாஸ்தாவோடு போகக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். எந்தக் கவுன்டரில் எந்த மனு, எவ்வளவு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், ஆட்சேபணை போட்டால் எப்படிச் சரிசெய்வது, ரோஸ்நாமா நகலுக்கு எங்கே விண்ணப்பம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ரோஸ்நாமா என்பது ஒவ்வொரு தேதியிலும் வழக்கில் என்ன நடந்தது என்று கோர்ட் எழுதி வைக்கும் குறிப்பு. குமாஸ்தா அண்ணனை மரியாதையாக நடத்துங்கள், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லிக்கொடுப்பதைக் கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர மாட்டார்.

அதற்குப் பிறகு பல வழக்குகளைத் துரத்தாமல் ஒரே ஒரு வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வக்கீலிடம் கேளுங்கள்: "இந்த வாரம் போர்டில் இருக்கிற வழக்குகளில் ஒன்றை நான் முதலிலிருந்து படிக்கலாமா?" செக் கேஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். சின்ன ஃபைல், ஆனால் ஒரு வழக்கின் எலும்பும் நரம்பும் அதில் தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். ஃபைலைத் திறந்ததும் ஐந்து காகிதம் தேடுங்கள்: செக், பணம் இல்லை என்று பேங்க் கொடுத்த திருப்புச் சீட்டு, வக்கீல் நோட்டீஸ், நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீது, அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம். பக்கத்தில் ஒரு காலண்டர் வைத்துக்கொள்ளுங்கள். திருப்புச் சீட்டு ஜனவரி 3ஆம் தேதி கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 30 நாளுக்குள், அதாவது பிப்ரவரி 2க்குள், நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது செக் கொடுத்தவரின் கைக்கு ஜனவரி 20இல் போய்ச் சேர்ந்தால், பணம் கட்ட அவருக்கு 15 நாள் கெடு. பிப்ரவரி 4 வரை. கட்டவில்லையென்றால் மறுநாள்தான் வழக்குத் தொடுக்கும் உரிமை பிறக்கிறது. அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள், மார்ச் 5க்குள், மாஜிஸ்திரேட்டிடம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். வழக்குப் போட நாள் தாண்டினால் தக்க காரணம் சொல்லி கோர்ட்டைக் கேட்கலாம். நோட்டீஸுக்கு நாள் தாண்டினால் அந்த வழி கிடையாது. இந்தக் கெடுவெல்லாம் செக் பற்றிய நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138, 142 பிரிவுகளில் இருக்கிறது. தண்டனை இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகு கோர்ட்டுக்குப் போய் அந்த வழக்கின் விசாரணையைக் கேளுங்கள். "நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு அனுப்பினீர்கள்? கடை விலாசமா, வீட்டு விலாசமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது, அவர் ஏன் அதைக் கேட்கிறார், எந்தக் காகிதத்தை அசைக்கப் பார்க்கிறார் என்று உங்களுக்குச் சட்டென்று தெரியும். அந்த நொடியில் உங்கள் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் நம்புவேன். தேதி எண்ணுவதே சலிப்பாக இருந்தது என்றால் அதையும் உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலையில் பெரும் பகுதி தேதியும் காகிதமும்தான்.

சேம்பரில் காக்க வேண்டியவை

கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது ரகசியம். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132ஆம் பிரிவு அதற்குப் பாதுகாப்புத் தருகிறது; வக்கீலின் குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் இவர்களுக்கும் அது பொருந்தும். நீங்கள் இவர்களில் யாரும் இல்லை. அதனால் கட்சிக்காரர் உள்ளே வந்ததும், வக்கீல் சொல்லும் வரை காத்திருக்காமல், "நான் வெளியே இருக்கட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். வக்கீல் கட்சிக்காரரைக் கேட்டு, அவர் முழு மனசோடு சம்மதித்தால் மட்டும் உட்காருங்கள்.

நோட்டில் பேர் எழுதாதீர்கள். "கடைக்காரர்", "வீட்டுக்காரர்" என்று எழுதினால் போதும். ஃபைலைப் படம் எடுக்கவே கூடாது, சினேகிதிக்கு அனுப்ப மட்டும் என்றாலும் கூடாது. தாராவி, கோலிவாடா மாதிரி இடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஃபைலில் தெரிந்த பேர், சொந்தக்காரர் பேர், பக்கத்துச் சாலியில் இருப்பவர் பேர் கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே மூடிவைத்துவிட்டு வக்கீலிடம் சொல்லுங்கள். வீட்டில் அம்மா கேட்டாலும், "கோர்ட் பார்த்தேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவசரத்தில் யாராவது, "தம்பி, போய் நீதிபதிகிட்ட ஒரு தேதி வாங்கிட்டு வா" என்று சொல்லலாம். மாட்டேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். உரிமை இல்லாதவர் கோர்ட்டில் வக்கீலாக நடந்தால் வக்கீல்கள் சட்டம் 1961இன் 45ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, சாட்சிக் கையெழுத்துக்கூட.

ஜூனியர்களிடம் கேட்க வேண்டியவை

சீனியரிடம் சட்டம் கேளுங்கள். வாழ்க்கையை ஜூனியரிடம் கேளுங்கள், டீ குடிக்கும்போது. முதல் வருஷம் மாதம் எவ்வளவு கிடைத்தது? 2024இல் பார் கவுன்சில் நகரத்து ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. கைக்கு என்ன வருகிறது என்று கேட்டால்தான் தெரியும். அந்தப் பணத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடிந்ததா, யார் தாங்கினார்கள்? இரவு எத்தனை மணிக்கு வீடு? சீனியர் கற்றுக்கொடுக்கிறாரா, ஃபைல் மட்டும் தூக்க வைக்கிறாரா? மராத்தி தெரியாமல் எவ்வளவு சிரமம்? கடைசிக் கேள்விக்கு என் பதிலையும் சொல்கிறேன்: கீழ்க் கோர்ட்டில் மராத்தி படிக்கத் தெரியாவிட்டால் எஃப்.ஐ.ஆருக்கே அடுத்தவரை எதிர்பார்த்து நிற்க வேண்டும். இன்றைக்கே தொடங்குங்கள்.

பெண் பிள்ளைகள் பெண் ஜூனியர்களிடம் தனியாகப் பேசுங்கள். கல்யாணம், பிரசவம், அதற்குப் பிறகு திரும்பி வந்தபோது கட்சிக்காரர்கள் இருந்தார்களா என்பதையெல்லாம் அவர்கள் மனசு விட்டுச் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயந்து போக வேண்டாம். தெரிந்துகொண்டு வருகிறவள்தான் நிலைக்கிறாள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீலாகப் பதிவு செய்யவே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று யாராவது பயமுறுத்தினால், 2024 ஜூலை 30இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பைச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை நேரில் நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் படித்த வழக்கின் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கென்றே கோர்ட் கொடுத்த தனி எண்ணை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்தது. இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். அந்தத் தேதிக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். ஒரு வழக்கு எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று வேறு எப்படியும் தெரியாது. வக்கீலும் உங்களை மறக்க மாட்டார். நாளைக்குக் கல்லூரியில் சேர்ந்து நிஜமாகவே இன்டர்ன்ஷிப் தேடும்போது முதல் கதவு அங்கேதான் திறக்கும்.

டிகிரி முடித்து வேலையில் இருந்துகொண்டு மூன்று வருஷ எல்.எல்.பி. பற்றி யோசிக்கிறவர்களுக்கு வார நாளில் லீவு கிடைக்காது. அவர்கள் மாலை சேம்பர் நேரத்தைக் கேட்கலாம். கோர்ட் முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் மனு எழுதுவதும் அடுத்த நாள் தயாரிப்பும் நடக்கும். சனிக்கிழமைகளில் நடக்கும் தேசிய லோக் அதாலத்துக்கும் வரலாம். செக் கேஸ், விபத்து இழப்பீடு, பேங்க் கடன் என்று இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் நாள் அது. தீர்ந்தால் அதற்கு அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். எந்தத் தேதியில் என்று கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள். இலவச சட்ட உதவி வக்கீல்களையும் அங்கேயே சந்திக்கலாம். கூட வர அனுமதி கேட்டால் முகம் சுளிக்காமல் சரி என்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.